எண்ணெயும் ரோசினும்: அத்தையின் வயலினைச் சுத்தம் செய்த விவரம்

கர்நாடக இசை வாசிக்கிற வயலின்மீது நாள்தோறும் இரண்டு பொருள்கள் ஏறுகின்றன. இடக்கை விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய், வலக்கை வில்லில் ரோசின் என்னும் மரப்பிசின். கமகமும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவும் இழைய வேண்டுமானால் விரல் தந்திமேல் தடையின்றி வழுக்க வேண்டும். நாதம் பிறக்க வேண்டுமானால் வில்லின் மயிர் அதே தந்தியைப் பற்றி இழுக்க வேண்டும். வழுக்குவதற்கு ஒன்று, பற்றுவதற்கு ஒன்று. இரண்டும் ஒரே தந்தியில், ஒரு சாண் தள்ளி. மேற்கத்திய வாசிப்பாளர்களுக்காக எழுதப்பட்ட பராமரிப்புக் குறிப்புகளில் ரோசின் தூளைப் பற்றி நிறைய இருக்கும், விரல் எண்ணெயைப் பற்றி இருக்காது. அவர்கள் அதைத் தொடுவதில்லை. நம் வயலினில் படியும் அழுக்கு வேறு, அது சேரும் இடங்களும் வேறு. அத்தையின் பழைய வயலினைச் சுத்தம் செய்தபோது இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எந்த இடத்தில் என்ன இருந்தது, எதைக் கொண்டு எடுத்தேன், எதை எடுக்காமல் விட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்தை மயிலாப்பூரில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மணிக்கட்டு வலி வந்த பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டார். வயலின் பெட்டியோடு பீரோவின் மேல்தட்டுக்குப் போயிற்று. கடலோர ஊரின் ஈரம், இருட்டு, மூடிய பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால் மர வாத்தியத்துக்கு வரக்கூடிய கேடுகளில் பாதி வந்திருந்தது. என் தம்பி மகளுக்குப் பன்னிரண்டு வயது. முழு அளவு வயலினைப் பிடிக்கக் கை நீளம் போதும். விஜயதசமிக்கு அவள் அத்தையின் வயலினிலேயே பாடம் ஆரம்பிக்கட்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. சுத்தம் செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

துணியை எடுக்கும் முன்பு

முதல் வேலை பார்ப்பது மட்டும்தான். ஜன்னலோரம் மேசையில் கனமான பருத்தித் துண்டை விரித்து, அதன்மேல் வயலினை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எஃப் வடிவத் துளை வழியே டார்ச் அடித்தால் உள்ளே ஒட்டிய சீட்டு தெரிந்தது. புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரியின் பெயர், அவருடைய ஊரான கிரெமோனா, அதன் கீழே ஜெர்மனியில் செய்தது என்ற வரி. இப்படி ஒரு சீட்டைக் கண்டு யாரும் கோடிக் கணக்குப் போட வேண்டாம். ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்துவிட்டார். ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரத்திலும் பிரான்சின் மிர்கூரிலும் 19-ஆம் நூற்றாண்டில் வயலின்களைப் பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பினார்கள். எந்த மாதிரியைப் பின்பற்றினார்கள் என்பதைக் காட்டவே பழைய மேதைகளின் பெயரை உள்ளே ஒட்டினார்கள். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்ட பிறகு நாட்டின் பெயரும் சீட்டுகளில் பரவலாக ஏறிற்று. ஆகவே இது பட்டறையில் செய்த, உழைக்கிற வயலின். அதில் குறை ஒன்றும் இல்லை.

சீட்டிலிருந்து எனக்குப் பயன்பட்ட செய்தி வேறு. இந்த வகைப் பட்டறை வயலின்களில் பெரும்பாலும் ஸ்பிரிட் வார்னிஷ்தான் பூசியிருப்பார்கள். அரக்கு போன்ற பிசின்களை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவது அது. ஆல்கஹாலில் கரைத்துப் பூசியதை ஆல்கஹால் மறுபடியும் கரைக்கும். ஸ்பிரிட், கொலோன், கைக்கு அடிக்கும் சானிடைசர் எதுவாக இருந்தாலும் ஒரு சொட்டு விழுந்த இடத்தில் வார்னிஷ் குழைந்து தழும்பாகிவிடும். இது தெரியாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

அடுத்து, விரல் மொட்டியால் விளிம்பு நெடுகத் தட்டிப் பார்த்தேன். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் ஓசை நிறைந்து வரும். விட்டிருக்கும் இடத்தில் தட்டையாக, சிறு அதிர்வோடு வரும். கீழ்ப்பகுதியில் இடப்பக்கம், பின்பலகை விலாவோடு, அதாவது பக்கச் சுவரோடு சேரும் இடத்தில் ஒட்டு விட்டிருந்தது. அந்த இடம் ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுருள் தலையை வலது பாதத்தில் ஊன்றி, வயலினின் அடிப்பகுதியை இடப்பக்க மார்பிலும் தோளிலும் சாய்த்து வாசிக்கிறோம். கச்சேரி முழுவதும் மேலாடை வழியாக ஊறும் வியர்வை அந்த விளிம்பில்தான் இறங்குகிறது.

வயலினின் பலகைகளை ஒட்டுவது வஜ்ஜிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசைதான். ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். இந்தக் குணத்துக்காகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். மரம் ஈரத்தில் உப்பும்போதும் வறட்சியில் சுருங்கும்போதும் எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒட்டு விட்டால் மறுபடி ஒட்டலாம்; பலகை பிளந்தால் அது பெரிய வைத்தியம். அதனால் இந்த இடத்தில் ஃபெவிகாலைத் தயவுசெய்து யாரும் தடவ வேண்டாம். அது மரத்தைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை ஒட்டுக்குப் பதிலாக மரம்தான் பிளக்கும். பின்னால் பழுதுபார்ப்பவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் மரத்தையும் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கும்.

ஒட்டு வேலையை நான் செய்யவில்லை. வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். மெல்லிய கத்தியை வெந்நீரில் நனைத்து உள்ளே விட்டுப் பழைய பசையை எடுத்தார், தண்ணீர்ச் சூட்டில் இளக்கிய வஜ்ஜிரத்தை ஏற்றினார், தக்கை வைத்த கவ்விகளை மாட்டினார். உடம்பைக் குலுக்கிச் சுத்தம் செய்யும் எந்த வேலையும் இதற்குப் பிறகுதான்.

உள்ளே இருந்த தூசி

உள்ளே தூசி நூலாகத் திரண்டு உருண்டைகளாகக் கிடந்தது. இதை எடுக்க நான் நம்புவது அரிசியை. கைப்பிடி புழுங்கலரிசியைப் புடைத்து, நொய் தவிடு போக்கி, வெயிலில் முறுகக் காயவைத்தேன். பச்சரிசியில் மாவு உதிரும், புழுங்கலரிசி கெட்டியாக இருக்கும். எஃப் துளை வழியாக அதை உள்ளே விட்டு, வயலினை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து உருட்டினேன். அரிசி மூலை முடுக்கெல்லாம் போய்த் தூசியைத் திரட்டிக்கொள்கிறது. கவிழ்த்துக் கொட்டினால் சாம்பல் நிறத்தில் வருகிறது. அதில் தலைமுடி, பழைய தந்தியின் நுனி, ஒரு சிறு பித்தளைத் திருகு ஆகியவையும் வந்தன. கடைசி மணி வரை வெளியே வந்துவிட்டதா என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கும் ஒரு மணி வாசிக்கும்போது அதிரும், வண்டையும் அழைக்கும்.

உருட்டும்போது கவனிக்க வேண்டியது சவுண்ட் போஸ்ட். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையான குதிரையின் வலக்கால் அருகே, மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நிற்கும் சிறு மரத்தூண் அது. பசை கிடையாது, தந்திகளின் அழுத்தத்திலேயே நிற்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அது விழுந்துவிடலாம். விழுந்தால் நிறுத்துவதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். அதனால் இந்த வேலை முழுவதிலும் நான் ஒரு நேரத்தில் ஒரு தந்தியைத்தான் கழற்றினேன்.

எண்ணெயின் எல்லை

இனி வயலினின் மேற்புறம். மனத்தில் அதை மூன்று நாடுகளாகப் பிரித்துக்கொண்டேன். தலைப்பக்கத்தில் தந்திகள் தாங்கியிருக்கும் நட்டு என்ற சிறு கட்டையிலிருந்து விரல் பலகை முடியும் வரை எண்ணெய் நாடு. விரல் பலகையின் முனையிலிருந்து குதிரை வரை உள்ள சுமார் 6 செ.மீ. ரோசின் நாடு, வில் ஓடும் இடம் அதுதான். கழுத்து, சுருள் தலை, கீழ் விளிம்பு ஆகியவை வியர்வை நாடு. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி.

விரல் பலகையில் தந்திகளுக்கு அடியிலும் நடுவிலும் கருஞ்சாந்து போல ஒன்று படிந்திருந்தது. எண்ணெய், தோல் துகள், தந்தியிலிருந்து தேய்ந்த உலோகத் தூள் மூன்றும் குழைந்தது அது. பலகை உண்மையான கருங்காலியா, சாயம் ஏற்றிய வேறு மரமா என்று முதலில் பார்க்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பிழிந்துவிட்டு, பலகையின் ஓரத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு முறை இழுத்தேன். பஞ்சில் வந்தது பழுப்பு அழுக்கு. சாயமாக இருந்தால் திட்டமான கறுப்பு இறங்கும். அப்படி இறங்கினால் உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அத்தையுடையது கருங்காலிதான்.

பிறகு வயலினின் மேற்பலகை முழுவதையும் மடித்த துண்டால் மூடினேன். ஸ்பிரிட் பாட்டிலை அடுத்த மேசையில் வைத்தேன். துணியை அங்கே கொண்டுபோய் நனைத்து, ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்து, பிறகுதான் வயலினிடம் வந்தேன். பாட்டில் ஒருபோதும் வயலினுக்கு மேலே வரக் கூடாது. ஒரு தந்தியைக் கழற்றி அந்தத் தடத்தைத் துடைத்து, புதிய தந்தியை மாட்டிச் சுருதிக்குக் கொண்டுவந்து, பிறகு அடுத்தது. பலகை வெளுத்து வறண்டு தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். கருங்காலிக்கு எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவோர் உண்டு. நம் பலகைக்கு அது வேண்டாம். விரல் எண்ணெயே அதற்குப் போதும்.

முக்கியமான இடம் எல்லைக்கோடு. தாரஸ்தாயியில் ஜாரு போகும்போது எண்ணெய் விரல் பலகையின் முனை வரை வருகிறது. அங்கிருந்து தந்தி வழியாகவே வில் ஓடும் இடத்துக்குக் கசிகிறது. அத்தையின் முதல் தந்தியில் அந்த எல்லையில் மெழுகு போன்ற கட்டி இருந்தது. ரோசினும் எண்ணெயும் கலந்தால் வருவது அது. வில் அங்கே படும்போதெல்லாம் வழுக்கி, கீச்சென்று விசில் வரும். ‘இந்த வயலின் மேலே போனால் கீச்சிடும்’ என்று அத்தையே சொல்லிக்கொண்டிருந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வில் தந்தியை வெறுமனே தேய்ப்பதில்லை. மயிரிலுள்ள ரோசின் தந்தியைப் பற்றிக்கொண்டு இழுக்கிறது, ஓர் எல்லைக்கு மேல் தந்தி நழுவித் திரும்புகிறது, மறுபடி பற்றுகிறது. தந்தியின் சுருதிக்கு ஏற்ப இது நொடிக்குப் பல நூறு முறை நடக்கிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த அசைவை நுண்ணோக்கியால் பார்த்து விளக்கியிருக்கிறார். பற்றுதல் இல்லையென்றால் நழுவுதல் மட்டும் மிஞ்சும். ஒரு விரல்பட்ட எண்ணெய் போதும், அந்த இடத்தில் நாதம் அறுந்துபோகும். வில்லின் மயிரில் எண்ணெய் ஏறிவிட்டால் எவ்வளவு ரோசின் தேய்த்தாலும் பிடிக்காது. ரோசினும் எண்ணெயில் குழைந்து மயிரில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

தந்திகளை மாற்றப்போவதால் பழையவற்றைத் துடைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மாற்றாதவர்கள் உலர்ந்த துணியால் குதிரையிலிருந்து விரல் பலகையை நோக்கித் துடைக்காமல், இரண்டு பகுதிகளையும் தனித்தனியே துடைக்க வேண்டும். ஒரே இழுப்பில் முழுத் தந்தியையும் துடைத்தால் எண்ணெயை ரோசின் இடத்துக்கும் ரோசினை எண்ணெய் இடத்துக்கும் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

ரோசின் படிந்த மேற்பலகை

குதிரைக்கும் விரல் பலகைக்கும் நடுவே மேற்பலகையில் ரோசின் மஞ்சளாக, சில இடங்களில் கண்ணாடிபோல் இறுகியிருந்தது. புதிதாக விழும் ரோசின் தூள் உலர்ந்த மெல்லிய துணிக்கே வந்துவிடும். நாள்பட்டு, வெயிலில் இளகி, மறுபடி இறுகியது வராது. அதற்கும் வார்னிஷுக்கும் உறவு நெருக்கம். ரோசின் என்பது பைன் மரப் பிசினைக் காய்ச்சி எடுத்தது. பல வார்னிஷ்களிலும் அதே பிசின் ஒரு கூறு. ரோசினைக் கரைப்பது எதுவோ அது வார்னிஷையும் கரைக்க வாய்ப்பு உண்டு. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் இணையத்தில் கிடைக்கும் பாதி யோசனைகளை ஒதுக்கிவிடலாம்.

நான் செய்தது இவ்வளவுதான். முதலில் மைக்ரோஃபைபர் துணி, உலர்ந்தபடி, அழுத்தம் இல்லாமல். அடுத்து, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியின் மூலையால் விரல் அகல இடம் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். வியர்வை உப்பும் சாதாரணத் தூசியும் இதிலேயே போய்விட்டன. மூன்றாவதாகப் பஞ்சுக் குச்சியை எச்சிலில் நனைத்து உருட்டினேன். கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம், ஆனால் அருங்காட்சியகங்களில் ஓவியங்களையும் பழம்பொருள்களையும் சுத்தம் செய்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிற முறை இது. எச்சிலிலுள்ள நொதிகள் எண்ணெய்ப் பசையான அழுக்கை இளக்கும். வார்னிஷைத் தொடாது. எஃப் துளையின் ஓரங்களில் இருந்த கறுப்பு இப்படித்தான் வந்தது.

கடைசியில் வயலினுக்கென்றே விற்கும் சுத்தப்படுத்தும் திரவத்தில் துளி எடுத்து, தாடைக் கட்டையை வைக்கும் இடத்தில் சோதித்தேன். துணியில் வார்னிஷின் நிறம் இறங்கவில்லை என்று கண்ட பிறகுதான் ரோசின் படலத்தில் தொட்டேன். மேல் அடுக்கு வந்தது. குதிரையின் காலடியில் இறுகிய பட்டை வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன். வாசிப்புக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. போன வார்னிஷைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பாலிஷ், தேங்காய் எண்ணெய், மேசை நாற்காலிக்குத் தெளிக்கும் திரவம் எதையும் உடம்பில் பூசவில்லை. பூசும் எண்ணெய் விரிசல் வழியாக மரத்துக்குள் இறங்கினால் பிறகு அங்கே வஜ்ஜிரம் ஒட்டாது.

தாடைக் கட்டையைச் சொன்னேன் அல்லவா? நாம் தாடையால் பிடிப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலான வயலின்களில் கடையில் வந்தபடியே அது இருக்கிறது. அதைக் கழற்றினால் தக்கைக்கு அடியில் வியர்வையும் தூசியும் சேர்ந்து பச்சை பாரித்திருந்தது. கழற்றும் கம்பி விலாவைக் கீறிவிடாமல் இருக்க நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டேன்.

சுருள் தலை மேற்கத்திய வாசிப்பில் காற்றில் நிற்கும். நம் வாசிப்பில் அது பாதத்தில் ஊன்றியிருக்கும். அத்தை வயலினில் சுருளின் ஒரு பக்கம் வார்னிஷ் போய் மரமே வழவழப்பாகிவிட்டிருந்தது. அங்கே ஈரத் துணி, உலர்ந்த துணி, அவ்வளவே. சுருளின் உச்சியில் ஒரு பழைய சந்தனப் பொட்டும் அதன் நடுவே குங்குமமும் கல்லாக இறுகியிருந்தன. சரசுவதி பூஜையில் வைத்தது.

“இதை எடுத்துவிடட்டுமா அத்தை?” என்றேன்.

“வேண்டாம். அம்மா வைத்தது அது. இருக்கட்டும்” என்றார்.

எடுக்கவில்லை. இறுகிய சந்தனத்தைச் சுரண்டினால் அதோடு வார்னிஷும் பெயர்ந்துவிடும் என்பதால் வேலைக் கணக்கிலும் அது சரியான முடிவு. இனிமேல் பூஜைக்குப் பொட்டைப் பெட்டியின்மீது வைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பிருடை, குதிரை

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகளில் இரண்டு இறுகியும் இரண்டு வழுக்கியும் இருந்தன. மழைக்காலத்தில் மரம் உப்பினால் இறுகும், குளிரூட்டிய அறையில் காய்ந்தால் தளரும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துளையில் உராய்ந்து பளபளத்த இரண்டு வளையங்களையும் துடைத்தேன். உலர்ந்த சோப்புக்கட்டியை லேசாகத் தேய்த்து, அதன்மேல் கரும்பலகைச் சாக்பீஸ் தேய்த்தேன். சோப்பு ஓட்டத்துக்கு, சாக்பீஸ் பிடிப்புக்கு. இறுகிய பிருடைக்குச் சோப்பு கூடுதல், வழுக்கும் பிருடைக்குச் சாக்பீஸ் கூடுதல். மாட்டும்போது தந்தியின் சுற்றுகள் பிருடைப் பெட்டியின் சுவரை நோக்கி ஏறி வர வேண்டும். அந்தச் சாய்வு பிருடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். இங்கே எண்ணெய் சேரவே கூடாது. இடக்கையின் எண்ணெய் விரலாலேயே பிருடையைத் திருகுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு; பிருடை வழுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குதிரையையும் பசை வைத்து ஒட்டுவதில்லை. சுருதி சேர்க்கச் சேர்க்க அது விரல் பலகைப் பக்கம் சாயும். சாய்ந்தபடியே விட்டால் வளைந்துபோகும், ஒரு நாள் படீரென்று விழும். அதன் பின்புறம், அதாவது தந்திகள் முடியும் பக்கம், மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, இரு கைகளின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உச்சியைப் பிடித்து நிமிர்த்தினேன். தந்தி படும் பள்ளங்களில் பென்சில் கூரைத் தேய்த்துவிட்டால் அடுத்த முறை சுருதி சேர்க்கும்போது தந்தி குதிரையை இழுக்காமல் வழுக்கிப் போகும். நட்டின் பள்ளங்களுக்கும் அதுவே. நுண்சுருதித் திருகுகளை முழுவதும் இறக்கி வைக்கக் கூடாது. அடியிலுள்ள நெம்புகோல் மேற்பலகையைக் குத்தும். அத்தை வயலினில் அப்படி ஒரு குழி முன்பே இருக்கிறது.

இரண்டு வில்கள்

பெட்டியில் இரண்டு வில்கள் இருந்தன. ஒன்றில் மயிர் கொத்துக் கொத்தாக அறுந்து தொங்கிற்று. அறுந்த முனைகள் கத்தரித்ததுபோல் இருந்தன, பெட்டியின் வெல்வெட்டில் பழுப்பு நிறச் சட்டைகள் உதிர்ந்து கிடந்தன. மூடிய இருட்டுப் பெட்டியில் குடியேறும் சிறு வண்டின் புழு குதிரை மயிரைத் தின்னும். மயிரும் தோலும் கம்பளியும்தான் அதற்கு உணவு. அந்த வில்லை மயிர் கட்டக் கொடுத்துவிட்டேன். ஒரு வில்லுக்கு 150 முதல் 200 மயிர் வரை வேண்டும். அவற்றைச் சீராகப் பரப்பி, நுனியிலும் அடிக்கட்டையிலும் சிறு மர ஆப்புகளால் இறுக்குவது கைத்திறன் வேண்டும் வேலை. மயிர் போயிற்று என்று பழைய வில்லையே தூக்கிப் போடுகிறார்கள், அது எனக்கு வருத்தமான காட்சி. நல்ல வில்களின் தண்டு பிரேசிலின் பெர்னம்புகோ மரம். அந்த மரம் அருகிவிட்டதால் 2007 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அத்தையின் வில் அவ்வளவு உயர்ந்ததா என்று தெரிந்துகொள்ளத் தேவையில்லை. தண்டு நேராக, வளைவு குலையாமல் இருக்கிறது, மயிர் கட்டினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டாவது வில்லின் மயிர் முழுதாக இருந்தது. ஆனால் கைப்பிடிப் பக்கம் கறுத்து, எண்ணெய்ப் பசை ஏறியிருந்தது. பாட்டு நிற்கும் இடங்களில் வில்லை மடியில் வைப்பதும், வாங்கிக் கொடுக்கும்போது மயிரில் விரல் படுவதும் காரணம். இதை நானே கழுவினேன். பின்னால் உள்ள திருகை முழுவதும் கழற்றினால் கருங்காலி அடிக்கட்டை தண்டிலிருந்து விடுபடும்; மயிர் அதோடு ஒட்டியே இருக்கும். அடிக்கட்டையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்றுச் சுற்றினாலும் மயிர் முறுக்கிக்கொள்ளும். தண்டைச் சமையலறை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மயிரை அதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்டிலும் வார்னிஷ் உண்டு என்பதால் ஸ்பிரிட் அங்கும் ஆகாது.

ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டாக மடித்து, மயிரை நடுவே வைத்து, ஒரே திசையில் இழுத்தேன். முதலில் வந்தது சாம்பல், பிறகு மஞ்சள், பிறகு வெறும் ஈரம். நுனியிலும் அடிக்கட்டையிலும் கடைசி 2 செ.மீ. இடத்தைத் தொடவில்லை. ஈரம் ஆப்புகளுக்குள் போனால் மரம் உப்பிக் காயும்போது ஆப்பு தளர்ந்து, மயிர் மொத்தமாகக் கழன்றுவிடும். தண்ணீரில் முக்கிச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்கள் இந்த இடத்தில்தான் வில்லை இழக்கிறார்கள். பல் நெருக்கமான சீப்பால் வாரிவிட்டு, மின்விசிறி காற்றில் நிழலில் காயவைத்தேன். திருகின் மரையில் பழைய பஞ்சும் பச்சைக் களிம்பும் இருந்தன. பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்து, மெழுகுவர்த்தியை ஒரு முறை தொட்டுத் திருப்பி மாட்டினேன்.

மாட்டி இறுக்கிய மயிர் வெள்ளையாக இருந்தது. தந்தியில் வைத்தால் ஓசையே இல்லை. ரோசின் இல்லாத மயிர் பற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. பழைய ரோசின் கட்டி வெயிலில் இளகி ஒரு பக்கம் வழிந்து கண்ணாடியாகியிருந்தது. புதியது வாங்கி, அதன் மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, நுனியிலிருந்து அடி வரை நிதானமாக முழு நீளத்துக்கும் பலமுறை தேய்த்தேன். வாசித்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, ஓசை சமமாக வரும் வரை. இது முதல் முறைக்கு மட்டும். தினசரி வாசிப்புக்கு மூன்று நான்கு இழுப்பு போதும். வாசித்து முடித்ததும் மேற்பலகையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ரோசின் அதிகம் என்று பொருள்.

வாசித்து முடித்தால் வில்லின் மயிரைத் தளர்த்த வேண்டும். இறுக்கியபடியே விட்டால் தண்டின் வளைவு போய்விடும். சென்னை ஈரத்தில் மயிர் நீளும், குளிரூட்டிய அறையில் சுருங்கும். அங்கே முழுக்கத் தளர்த்தாமல் வைத்த வில் தானாகவே இறுகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெட்டி

“பெட்டியை வெயிலில் வை. வயலினை வைத்துவிடாதே” என்றார் அத்தை. அப்படியே செய்தேன். வெல்வெட் மடிப்புகளைத் தூசி உறிஞ்சும் கருவியால் நன்றாக எடுத்து, வெறும் பெட்டியைத் திறந்து மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். அந்தப் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. பாச்சை உருண்டை போடவில்லை. அதன் ஆவி பிசின்களையும் பிளாஸ்டிக்கையும் இளக்கக் கூடியது. பட்டுப் புடவைக்கு வைப்பதுபோல வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து ரோசின் வைக்கும் அறையில் போட்டிருக்கிறேன். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே இருக்கின்றன. 40 முதல் 60 சதவீதம் நல்லது என்பார்கள். சென்னை மழைக்காலத்தில் அது எளிதல்ல, ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பெட்டியை எப்போது திறந்து வைப்பது என்று தெரியும்.

வயலின் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றார், தஞ்சை வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்த வயலின் பரிசு இன்றும் பேசப்படுகிறது. உட்காரும் முறையை மாற்றினோம், சுருதி சேர்ப்பதைச் ச-ப-ச-ப என்று மாற்றினோம், விரலில் எண்ணெய் தொட்டோம். அதற்கேற்ற பராமரிப்பு முறை மட்டும் பெரும்பாலும் குருவின் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. அத்தையிடம் கேட்டு வாங்கியவற்றையும் இங்கே சேர்க்கிறேன். எண்ணெயைக் குப்பியிலிருந்து விரலில் ஊற்றக் கூடாது. சிறு டப்பாவில் பஞ்சை வைத்து எண்ணெயில் ஊறவிட்டு, அதில் விரல் நுனியைத் தொட வேண்டும். தொட்டதும் புறங்கையில் ஒரு முறை ஒற்ற வேண்டும். வலக்கையில் எண்ணெய் படவே கூடாது. கச்சேரியில் தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நடக்கும் நேரம் தந்திகளைத் துடைத்துக்கொள்ளக் கிடைக்கிற நேரம். ஆனால் தாளத்தை விட்டுவிட்டுத் துடைக்கக் கூடாது.

தம்பி மகளுக்கு இரண்டு துணிகள் தைத்துக் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் துணி எண்ணெய்க்கு: விரல் பலகை, அதன் மேலுள்ள தந்திகள், கழுத்து. வெள்ளைத் துணி ரோசினுக்கு: வில் ஓடும் இடத்தின் தந்திகள், மேற்பலகை, வில்லின் தண்டு. வெள்ளையை முதலில் எடுக்க வேண்டும், மஞ்சளைப் பிறகு. இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது என்பதால் பெட்டியில் தனித்தனி அறை. மஞ்சள் துணியை வாரத்துக்கு ஒரு முறை சோப்பில் துவைக்க வேண்டும். வெள்ளையை உதறி, தேவைப்படும்போது துவைத்தால் போதும்.

மயிர் கட்டக் கொடுத்த வில் வந்துவிட்டது. முதல் தந்தியின் கீச்சு இல்லை. நான்காவது தந்தியில் இன்னும் ஒரு சிறு அதிர்வு கேட்கிறது. நுண்சுருதித் திருகின் தளர்ந்த மரையாக இருக்கலாம், மாற்றிப் பார்க்கப் போகிறேன். ஒட்டிய விளிம்பை ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டும். அத்தை தினமும் சாயங்காலம் சுருதி சேர்த்துக் கொடுக்கிறார், வாசிப்பதில்லை.